அடுப்பில் போன முதற்பதிப்பு

இயற்கை ஆய்வாளர்களின் பயணநூல்களில் முதற்பதிப்புகளை மட்டும் தேடிச் சேர்ப்பவன் நான். விரும்பிய நூலை விற்பவர் முன்னிலையில் இகழ்ந்து பேசுவது எங்களைப் போன்றோரின் பழக்கம். கொல்லிமலையில் அரியூர் நாடு எனப்படும் ஊர்ப்பகுதியில், மிளகு பயிரிடும் ஒருவரது வீட்டில், நான் இருபது ஆண்டுகளாகத் தேடிய பறவைநூல் இருந்தது. அதை அலட்சியமாகப் புரட்டிவிட்டு, “ஒண்ணுக்கும் ஆகாத பழைய காகிதம்” என்றேன். அவர் விலையை இன்னும் இறக்கட்டும் என்று வாங்காமலே திரும்பினேன்.

மறுநாள் விடாத மழை. நான் சென்றபோது அவருடைய மனைவி அந்நூலின் தாள்களைக் கிழித்து ஈர விறகைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அலறியபடி அடுப்புக்குள் கையை விட்டேன்.

“ஐயோ சாமி, கை வெந்துருமுங்க!” என்று பிடித்திழுத்தார்.

“ஏம்மா எரிச்சீங்க?”

“நேத்து நீங்கதானுங்களே ஒண்ணுக்கும் ஆகாதுன்னீங்க? அடுப்புக்காச்சும் ஆகட்டுமேன்னுதானுங்க.”

பதிப்பாண்டு அச்சிட்ட முதல் தாளும் பறவைகளின் வண்ணப் படங்களும் சாம்பலாகியிருந்தன. வெந்த விரல்களால் அச்சாம்பலைக் கிளறிக்கொண்டே வெகுநேரம் அமர்ந்திருந்தேன். அப்படி ஒரு பிரதியை அதன்பின் நான் எங்கும் காணவில்லை.

இப்போது அரிய நூலைக் கண்டால், அது அரியது என்றே முதலில் சொல்லிவிடுகிறேன். விற்பவர் விலையை உயர்த்தினாலும், அன்றே வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டுதான் வீடு திரும்புகிறேன்.