லீமாவில் தேடிய முகம்

லீமாவுக்குச் சுற்றுலா போகிறோம் என்று சொன்னபோது, ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்து லிஃப்ற்றில் நின்ற அன்ரி வாயைப் பிளந்தார். "கியூபா, மெக்சிக்கோ எண்டா விளங்குது. உங்கை ஆர் பிள்ளை போறது?" என்றார். ஊரெல்லாம் போகும் இடத்துக்குத்தான் நானும் போகவேண்டும் என்று சட்டமா என்ன? சிரித்து மழுப்பிவிட்டு இறங்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தால், நான் வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் கட்டடம் முழுக்கப் பரவியிருக்கும்.

உண்மை இதுதான். என் தம்பி கடைசியாகப் பேசியது லீமாவிலிருந்து. கனடாவுக்குக் கூட்டிவருவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், தென்னமெரிக்கா வழியாகக் கொண்டுவந்து அந்த நகரத்தில் அவனை வைத்திருந்தான். "அக்கா, இஞ்ச எல்லாரும் எங்கட சனம் மாதிரியே இருக்கினம். வானம் எந்த நேரமும் சாம்பலாக் கிடக்கு, ஆனா மழை பெய்யாதாம்," என்றான். "அடுத்த கிழமை ஏத்திவிடுவாங்கள். நான் வந்திடுவன், அழாதேங்கோ." அதோடு சரி. ஏஜென்சிக்காரனின் போன் நம்பரும் வேலை செய்யவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அப்போது தம்பிக்கு இருபத்திரண்டு வயது.

எங்கள் வீட்டில் செத்தவர்களின் படங்கள் சாமித்தட்டுக்கு மேலே மாலையோடு இருக்கும். உயிரோடிருப்பவர்களின் படங்கள் ஹோலில் இருக்கும். தம்பியை எங்கே மாட்டுவது? அம்மா அவனுடைய படத்தை இரண்டுக்கும் நடுவே, குசினி வாசலில் மாட்டிவைத்திருக்கிறார். பாஸ்போட்டுக்கு எடுத்த படம். நெற்றியில் விழும் சுருட்டை முடி, மீசை சரியாக அரும்பாத முகம். உறவுக்காரர்கள் வந்தால் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். "ஐயரைக் கேட்டு ஒரு நாளில அந்தியேட்டியைச் செய்து முடியுங்கோ. அவன்ர ஆத்மா அலையக்கூடாது," என்பார்கள். அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் எழும்பிப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் பிள்ளையென்றால் இப்படிச் சொல்வீர்களா என்று கேட்க வாய் உன்னும்.

ஆனால் நானும் களைத்துவிட்டேன். ஒருமுறை போய் என் கண்ணால் தேடிவிட்டு வருவது, இல்லையென்றால் அவனைச் செத்தவனாக எண்ணி அந்தியேட்டியைச் செய்வது என்று முடிவு செய்தேன். என் மனுசன் மிசிசாகாப் பக்கம் விமானநிலையத்தில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். "போவம்," என்றார். அம்மாவிடம் ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம்.

தம்பி பொய் சொல்லவில்லை. லீமாவில் விமானநிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே சனத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் நிறம், எங்கள் உயரம், எங்கள் கறுத்த தலைமுடி. யாழ்ப்பாணத்து பஸ் ஸ்ராண்டில் நிற்பதுபோல் இருந்தது. கடவுளே, இப்படியொரு ஊரில் தொலைந்தவனை எப்படிக் கண்டுபிடிப்பேன்?

மேல்தட்டு திறந்த சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழிகாட்டி தேவாலயக் கோபுரத்தைக் காட்டியபோது மற்றவர்கள் எல்லாரும் மேலே பார்த்தார்கள், நான் நடைபாதையைப் பார்த்தேன். தோளில் பையோடு போகும் இளம் பெடியன், கடை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெடியன், பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவரும் பெடியன் என்று ஒருவரையும் விடவில்லை. இறங்கிய இடமெல்லாம் தம்பியின் படத்தைக் கடைக்காரர்களிடம் நீட்டினேன். பாவம், நல்ல சனம். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தெரியாது என்று தலையை ஆட்டினார்கள். ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறையில் மனித எலும்புகளை வட்டம் வட்டமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கவும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மனுசனை உள்ளே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்து படியில் இருந்து அழுதேன்.

கடைசி நாள் நகரத்தின் பெரிய சதுக்கத்துக்குப் போனோம். சுற்றிவர மஞ்சள் கட்டடங்கள், நடுவில் நீரூற்று. நீரூற்றைத் தாண்டி ஒரு பெடியன் நடந்துபோனான். அதே சுருட்டை முடி, இடது தோளைச் சரித்து நடக்கும் அதே நடை. என்னை அறியாமல் "தம்பீ!" என்று கத்திவிட்டேன். சதுக்கமே திரும்பியது. பக்கத்து வாங்கில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த மொட்டைத்தலை மனிதர் ஒருவர் பாதி எழும்பி என்னையே பார்த்தார். அந்தப் பெடியன் மட்டும் திரும்பவில்லை. நான் வாங்கைத் தாண்டி அவனுக்குப் பின்னால் ஓடினேன். கிட்டப் போனபோது அவன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பயத்தோடு பார்த்தான். யாரோ பெற்ற பிள்ளை.

"இஞ்சாரும், காணும். வாரும்," என்று மனுசன் என் கையைப் பிடித்தார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். "ஊர் எப்பிடி?" என்று கேட்கவில்லை.

"எனக்குத் தெரியும் பிள்ளை, நீங்கள் எதுக்குப் போனனீங்கள் எண்டு. கண்டனியோ அவனை?"

நான் இல்லையென்று தலையாட்டினேன்.

"வடிவாப் பாத்தனியோ? இப்ப அவனுக்கும் தலை வழுக்கை விழுந்திருக்கும். உங்கட அப்பருக்கு நாப்பதிலயே முழு மொட்டை எல்லோ."

நாலு நாளாக நான் தேடித் திரிந்தது அம்மாவின் தலைக்குப் பின்னால் தொங்கிய படத்தில் இருக்கும் பெடியனை. வயது போன ஒருவருடைய முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பெற்றவள் வருடத்துக்கு வருடம் அவனை வளர்த்து, முடி கொட்டவைத்து, நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நான் அவனை ஒரு நாளும் வளரவிடவில்லை.

இனி எந்த வாயால் ஐயரிடம் போய், தேடிப் பார்த்தோம், இல்லை என்று சொல்வேன்? இன்றுவரை போகவில்லை. படம் மாலையில்லாமல் அங்கேயே தொங்குகிறது. அந்தச் சதுக்கத்தை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு பொம்பிளை கத்தினால் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள்தான் என்று மனுசன் சொல்கிறார். அது சரிதான், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் எழும்பியது அந்த மொட்டைத்தலை மனிதர் மட்டும்தான்.