கட்டுப்பாட்டுக் குழு

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பொதட்டூர்பேட்டை லுங்கிகளை மூட்டை கட்டி, பஸ் மாறி பஸ் ஏறி விற்றுப் பிழைக்கிறேன். போகிற ஊரிலெல்லாம் ஒரு மருந்து சொல்வார்கள். சித்தூரில் நாவல்கொட்டைப் பொடி, அரக்கோணத்தில் வெண்டைக்காய் ஊறின தண்ணீர். எல்லாவற்றையும் குடித்தேன். சர்க்கரை அசையவில்லை.

அக்காள் புருஷனை எங்கள் பக்கம் பாவா என்போம். என் பாவா வாட்ஸப்பில் தினம் ஒரு வைத்தியம் அனுப்புவார். ஒருநாள் அலுத்துப்போய்ச் சொன்னேன்:

"பாவா, இனிமே ஆராய்ச்சி பண்ணி எழுதனதத்தான் நம்புவேன்."

"ஆங், பெரிய டாக்டரு! படிச்சிகினே இரு."

படித்தேன். திருத்தணி பஸ் நிலையத்தில் காத்திருந்தபோது போனில் சர்க்கரையைப் பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை கிடைத்தது. விளம்பரம் இல்லை, 'உடனே அழைக்கவும்' இல்லை, ஒரு வரிகூடப் புரியவில்லை. இதுதான் அசல் என்று முடிவு கட்டினேன். போனே தமிழாக்கித் தந்தது. நடுவில் ஒரு வரி: 'கட்டுப்பாட்டுக் குழுவினருக்கு மருந்து எதுவும் வழங்கப்படவில்லை.'

டாக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை என்னைக் கேட்பது ஒன்றுதான்: சுகர் கண்ட்ரோல்ல இருக்கா? இங்கே ஒரு குழுவுக்கே கட்டுப்பாட்டில் இருக்கிறது, அதுவும் மருந்தில்லாமல்! அன்றே மாத்திரையை நிறுத்தினேன்.

ஆடிக் கிருத்திகைக்கு மலைப்படியை வெறுங்காலோடு ஏறினேன். இடது சுண்டுவிரலில் கொப்புளம். வலிக்கவில்லை, குணமாகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் நாற்றம் வந்தது.

ஆஸ்பத்திரியில் புண்ணைத் துடைத்த நர்சம்மா கேட்டார்: "மாத்திர ஏன்யா நிறுத்தன?"

போனை நீட்டினேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு கூட்டத்துக்கு மருந்து குடுப்பாங்க, இன்னொரு கூட்டத்த சும்மா வுட்டு ஒத்துப் பாப்பாங்க. சும்மா வுட்டவங்க பேருதான்யா இந்தக் கட்டுப்பாட்டுக் குழு. கடைசில பாரு, அவங்களுக்குத்தான் சுகர் ஏறிகீது. அத படிக்கல?"

அன்று கடைசிவரை படிப்பதற்குள் என் பஸ் வந்துவிட்டது.

கால் தங்குமா என்பது இரண்டு நாள் தெரியவில்லை. கடைசியில் அந்த ஒரு விரலோடு போயிற்று. மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன்.

இப்போது எந்த மருந்து வந்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். போன வாரம் பாவா ஆவாரம்பூக் கஷாயம் அனுப்பினார்.

"இத குடிக்காதவங்க எப்டி இருக்காங்கன்னு பாத்தாங்களா, பாவா?"

"அதான் உன்னப் பாத்துகினு கீறோமே, மச்சான்" என்றார்.