பங்காளிகள் பக்கத்துக்கு நான் போட்ட பூட்டு

எனக்குப் பல வருடங்களாக ஒரு வலைப்பூ உண்டு. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் பார்க்கிற வேலை. சீசன் முடிந்தால் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும், அப்போது எழுதுவேன். எங்கள் குலசாமி கோயில், பங்காளிகளின் பூர்வீகம், யார் எந்த ஊரிலிருந்து பிரிந்து வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பங்காளிகள் வாசித்துவிட்டு 'அருமை' என்று பின்னூட்டம் போடுவார்கள். யாராவது தப்பு என்று சொன்னால், தோன்றினால் திருத்துவேன். தோன்றாவிட்டால் அந்தப் பின்னூட்டத்தையே வெளியிடமாட்டேன். என் பிளாக், என் ராஜ்ஜியம்.

போன வருடம் குலசாமி பொங்கல் ஏற்பாட்டில் வாட்ஸப் குழு குழம்பிப்போனது. யார் அரிசி, யார் விறகு என்பதெல்லாம் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிட்டது. விக்கி ஒன்று தொடங்கலாம் என்று நான்தான் சொன்னேன். வெம்பக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் கோயிலில் கூட்டம் கூடியபோது எழுந்து நின்று விளக்கவும் செய்தேன்.

"பிளாக்னா ஒருத்தர் எழுதுவாரு, மத்தவுக வாசிப்பாக. விக்கி அப்படி இல்ல. எல்லாரும் எழுதலாம், எல்லாரும் திருத்தலாம். யாரு எதை மாத்துனாகன்னு பதிவாயிரும். இது எல்லாருக்கும் சொந்தம்."

கைதட்டினார்கள். உட்காரும்போது சட்டையை வேறு இழுத்துவிட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்தக் கூட்டத்தில் என் அக்காவும் இருந்தாள். வெடிப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கிற கடை வைத்திருக்கிறாள், நாரணாபுரம் சாலையில். எனக்குத் தமிழ்த் தட்டச்சு சொல்லிக்கொடுத்ததே அவள்தான். விவாகரத்தாகி ஊருக்குத் திரும்பிச் சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் பங்காளிகளுக்குள் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். அவன் பெயரில்தான் கோயில் வரி, அவன் பெயரைச் சொல்லித்தான் சாமி முன்னால் திருநீறு. கட்டிக்கொடுத்த பெண் புருஷன் வீட்டுக் கணக்கு. அந்தப் புருஷனே வேண்டாம் என்று வந்தவள் யார் கணக்கு என்று யாரும் யோசித்ததில்லை, நானும்தான்.

விக்கியில் தலைக்கட்டுகளுக்கான பக்கத்தைத் திறந்த அன்றே, என் பெயருக்கு அடியில் அக்கா தன் பெயரை எழுதினாள். அதே வரியில் 'வாழையிலை' என்று தன் பொறுப்பையும் போட்டாள். மறுநாள் அந்த வரி இல்லை. பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன், அழித்தது பெரியப்பா. அக்கா மறுபடி எழுதினாள். பெரியப்பா மறுபடி அழித்தார். மூன்றாம் முறையும் எழுதிவிட்டு, உரையாடல் பக்கத்தில் அக்கா கேட்டிருந்தாள்: "கட்டிக்கொடுத்த வீட்டுல என் பேரை எடுத்துட்டாக. இங்கனயும் இல்லைன்னா நான் எங்க போய் எழுத?" பங்காளிகள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் பதில் எழுதவில்லை. கிடாய் வாங்குவதைப் பற்றி அதே இடத்தில் அவ்வளவு பேச்சுப் பேசியவர்கள்தான்.

பெரியப்பா போன் செய்தார்.

"ஏலே, என்னலே கூத்து இது? இன்னைக்கு இவ எழுதுவா, நாளைக்கு அம்புட்டுப் பொம்பளப் பிள்ளைகளும் எழுதும். பூட்ட வழி இருக்குன்னியே, பூட்டிரு."

"சரிங்க பெரியப்பா."

விக்கிக்கு நிர்வாகி நான். நான் பூட்டினால் வேறு யாரும் அந்தப் பக்கத்தை மாற்ற முடியாது. ஆனால் பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் பூட்டு விழும். நான் பார்த்த நேரத்தில் அக்காவின் பெயர் அங்கே இருந்தது. அப்படியே பூட்டியிருக்கலாம். அதை அழித்துவிட்டுப் பூட்டினேன். காரணம் கேட்ட இடத்தில் 'சச்சரவைத் தவிர்க்க' என்று எழுதினேன். பிளாக் என்றால் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போயிருப்பேன். இங்கே என் பெயரும் நான் சொன்ன சாக்கும் வரலாற்றில் அப்படியே நிற்கின்றன. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தவித்தேன். செய்ததைத் திருத்தவேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான் இன்னும் கேவலம்.

ஆனாலும் மனது உறுத்தியது. அதற்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் பிளாக்தான். பிறந்த வீட்டில் பெண்ணுக்கு உள்ள உரிமை பற்றி, யார் பெயரும் சொல்லாமல், உருக்கமாக ஒரு பதிவு போட்டேன். பாராட்டு குவிந்தது. பெரியப்பாகூட 'சிறப்பு' என்று எழுதியிருந்தார்.

அக்கா கூப்பிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனை எடுத்தேன்.

"வாசிச்சேன்லே. நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அது உன் வீடு, அங்கன நீ யாரை வேணும்னாலும் உக்கார வைப்ப. பங்காளிக பக்கத்துல என் பேரு இருக்கா?"

"பூட்டியாச்சுக்கா. இனி என் கையில ஒண்ணுமில்ல."

சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். "சரிலே" என்று வைத்துவிட்டாள்.

பொங்கலன்று காலையில் கோயில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அக்கா வாழையிலைக் கட்டுகளை இறக்கினாள். வேறு யாரும் இலைக்கு ஏற்பாடு செய்யவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பெரியப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கட்டுகளை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னார்.

பூஜை முடிந்ததும் தலைக்கட்டுகளின் பெயர்களை மைக்கில் வாசிப்பது வழக்கம். ஒவ்வொருவராக வந்து திருநீறும் தேங்காய் மூடியும் வாங்கிக்கொள்வார்கள். எனக்கு உச்சரிப்பு நன்றாக இருக்கும் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். போனில் விக்கிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தேன். அக்கா பட்டுச் சேலையில், கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். என் பெயரை நானே வாசித்தேன். அதற்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தினேன். அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள். நான் அடுத்த பங்காளியின் பெயரைச் சொன்னேன்.

பந்தியில் உட்கார்ந்தபோது இலை போட்டுக்கொண்டே வந்ததும் அக்காதான். என் முன்னால் ஓர் இலையை விரித்தாள், தண்ணீர் தெளித்தாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க முகம் இல்லை. குனிந்தபடியே, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் அவள் கேட்டாள்.

"ஏலே, மைக்கையுமா பூட்டி வச்சிருந்தாக?"