பின் சீட் இல்லாத கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் தோசை. கோலாலம்பூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

“அம்மா, ஒண்ணும் மறைக்காம சொல்லு. நீயும் அப்பாவும் பிரியப் போறீங்களா?”

தோசை கருகிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பிரியப் போகிறவர் கைலியோடு போர்ச்சில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திட்டம் இருப்பதாகத் தெரியவில்லை.

“யாருடி சொன்னா?”

“கெப்பாலா பத்தாஸ்ல எல்லாருக்கும் தெரியுமாம். பெரிய அத்தை போன்ல அழுவுறாங்கம்மா.”

இத்தனைக்கும் காரணம் ஒரு கார். அதுவும் பழைய கார். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நம் ஊரில் வாத்தியாரை ‘சிக்கு’ என்றுதானே கூப்பிடுகிறோம்? இவர் சிக்கு மணியம். பினாங்கில் சிக்னல் போடாமல் திரும்புகிறவர்களைத் தவிர மற்ற எல்லோரும் தன்னிடம் படித்தவர்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

சிக்குவின் பெண்டாட்டிக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை காரிலேயே இருக்கும் மனிதர், வீட்டுக்கு வந்தால் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார். “நீயே ஓட்டு” என்பார். சரி, ஓட்டலாம். ஆனால் கற்றுக்கொடுக்கிற காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் உண்டு இல்லையா? வீட்டுக் காரில் அது கிடையாது. இது அவர் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

கல்யாணமான புதிதில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். எந்தச் சந்திப்பு வந்தாலும் அவர் கால் தரையை ஓங்கி மிதிக்கும். டொம். நான் நல்லபடியாகத்தான் ஓட்டுவேன். ஆனாலும் டொம். ஒரு நாள் டத்தோ கிராமாட் ரோட்டில் ஒரு பூனை குறுக்கே போனது. பூனை பாட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு இவர் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்துவிட்டார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் சொன்னதையும்தான்.

அன்றைக்குப் பின் சீட்டுக்குப் போனவர்… முப்பது வருடமாகத் திரும்பி வரவில்லை.

கோபம் எல்லாம் மறுநாளே போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. நான் முன்னால், அவர் பின்னால். ஒரு தடவை கல்யாண விருந்துக்காக ஹோட்டல் வாசலில் போய் நிறுத்தினேன். காவலாளி ஓடிவந்து பின் கதவைத் திறந்து, “செலாமத் டத்தாங், டத்தோ” என்று, பட்டம் வாங்கிய பெரிய மனிதரை வரவேற்பதுபோல சல்யூட் அடித்தார். என்னைப் பார்த்து, டிரைவர்கள் நிறுத்துகிற இடம் அந்தப் பக்கம் என்று கை காட்டினார். நம் டத்தோவும் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். எப்படி இருக்கும் எனக்கு?

இனி கார்.

நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தது பூலாவ் தீக்குஸில் ஒரு சீனப் பல் டாக்டரிடம். முன் மேசையில் நான், உள்ளே அவர். அவரிடம் ஒரு ஜெர்மன் கார் இருந்தது. கருஞ்சிவப்பு. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும். கூரை தானாக மடங்கிப் பின்னால் போய்விடும். என்ன பிராண்ட் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் பெருமையடிக்கிறாள் என்பீர்கள். இந்த வருடம் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு பெர்த் நகரத்துக்குப் போக முடிவு செய்தார். “சுமதி, நாற்காலி, அலமாரி, என்ன வேணுமோ எடுத்துக்கோ” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினேன்.

டாக்டர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து விலை பேசினோம். எவ்வளவு என்று கேட்காதீர்கள். என் சேமநிதிப் பணம், என் இஷ்டம்.

எல்லோரிடமும் “சின்ன வயசு ஆசை” என்றேன். உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? அந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் இல்லாத ஒன்று. பின் சீட். மொத்தமே இரண்டு சீட்தான். மனிதர் இனி எங்கே போவார்? வந்தால் என் பக்கத்தில்தான் வர வேண்டும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துக்கொண்டு ஓட்டி ஓட்டி அலுத்துவிட்டது.

காரை வீட்டு வாசலில் நிறுத்தினேன். சிக்கு ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார்.

“நான் எங்க உக்கார்றது?”

“முன்னால.”

டயரை இன்னொரு தடவை தட்டினார். பிறகு, “நல்ல காடிதான்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதோடு சரி. மூன்று வாரம் அந்தக் கதவை அவர் தொடவே இல்லை.

அவர் தொடாவிட்டால் போகிறார், நான் விடுவேனா? எனக்கும் காருக்கும் பழக்கம் ஏற்பட்டது. முதலில் உட்காரப் பழக வேண்டியிருந்தது. சேலையோடு அந்தக் காரில் ஏறுவது ஒரு வித்தை. முதலில் இடுப்பை உள்ளே போட்டு, பிறகு கால்களை ஒன்றன்பின் ஒன்றாக மடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது… அக்கம்பக்கம் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்துவது நல்லது. ரோட்டில் வேகத்தடை மேட்டைத் தாண்ட வேண்டுமென்றால் நேராகப் போகக் கூடாது. குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் அடிவயிறு உரசும். காருடையது.

ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே… சாவியைத் திருகியதும் ஒரு கனைப்பு கனைக்கும். எனக்கு வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி இல்லை, பட்டாசு. மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போகிறவள் பாடிக்கொண்டு போனேன். சிவப்பு விளக்கில் பக்கத்தில் வந்து நின்ற இளவட்டங்கள் யாரடா இது என்று திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே பொட்டு வைத்த ஒரு அம்மா, மடியில் முருங்கைக்காய். பச்சை விழுந்ததும் யார் முன்னால் போனது என்று கேட்காதீர்கள்.

கோயிலில் பூஜை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சிக்கு வந்தார், ஆனால் வெளியே நின்று, லைசென்ஸ் டெஸ்ட் மைதானத்தில் நிற்பதுபோல, “மெதுவா… மெதுவா விடு” என்று கை காட்டிக்கொண்டிருந்தார். கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் சாமியைப் பார்க்கவில்லை. கார் நம்பரைத்தான் பார்த்தார்கள். நம் ஊரில் புதுக் கார் வந்தால் அந்த நம்பரில் லாட்டரி எடுக்காமல் இருப்பார்களா?

பட்டர்வொர்த்தில் இந்த மாதிரி கார்கள் பார்க்கும் மெக்கானிக் சிவா ஒரே ஒரு எச்சரிக்கைதான் சொன்னான். “அக்கா, கூரைய மட்டும் நின்னுகிட்டுதான் மூடணும். ஓடும்போது அந்த பட்டன தொடாதீங்க லா. அதுக்கு வயசாச்சு.” எனக்கும்தான் தம்பி என்றேன்.

அப்போதுதான் கெப்பாலா பத்தாஸில் நிச்சயதார்த்தம் வந்தது. சிக்குவின் அக்கா பரமேஸ்வரியின் மகனுக்கு. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து, “இதுல போலாங்க” என்றேன். “நீ போ. நான் நம்ம பழைய காடில பின்னாலயே வர்றேன்” என்றார். எனக்கும் வீம்பு. சரி என்று கிளம்பிவிட்டேன்.

அப்படியே போனோம். முன்னால் சிவப்புக் காரில் நான், பின்னால் பழைய காரில் அவர். தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடல் பாலம் முழுக்க கண்ணாடியில் அவர் முகம் தெரிந்துகொண்டே வந்தது. சரியான இடைவெளி, சரியான சிக்னல். மண்டபத்தில் தனித்தனியாக இறங்கினோம். சாப்பிட்டோம். தனித்தனியாகத் திரும்பினோம்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதி பாலத்தைத் தாண்டிவிட்டது. மணியமும் சுமதியும் வேற வேற காடில வந்தாங்களாம். அவ புதுசா ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிட்டாளாம். தனியாப் போறாளாம். கையில்லாத ரவிக்கை ஒன்றுதான் பாக்கி, அதையும் யாராவது பார்த்திருப்பார்கள்.

அதுதான் மகளின் போன்.

போனை ஸ்பீக்கரில் போட்டு சிக்குவின் முன்னால் நீட்டினேன். மகள் அழுதாள். “அப்பா, அம்மா மேல கோவமாப்பா?” அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நகம்வெட்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு என் பக்கத்துல உக்கார அவ்வளவு பயமாங்க?” என்று கேட்டுவிட்டேன். முப்பது வருடமாகக் கேட்காத கேள்வி.

“உன்னப் பார்த்து பயம் இல்ல சுமதி. என் காலு சும்மா இருக்காது. அப்பறம் நீ வைவ.”

“வைய மாட்டேன்.”

“அக்கா மவன் கல்யாணத்துக்கு சேந்து போலாம்” என்றார்.

ஆக, என் மீதுள்ள ஆசையில் இல்லை; ஊர் வாய்க்குப் பயந்து. பரவாயில்லை, வருகிறாரே. இரண்டு வாரம் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. இந்த ஒரு பயணத்தில் அவர் கால் மறுபடியும் டொம் என்றால், நான் மறுபடியும் வாயைத் திறந்தால், அவ்வளவுதான். பழைய கார், பழைய இடைவெளி. அப்புறம் இந்த ஜென்மத்தில் பக்கத்தில் வர மாட்டார்.

கல்யாண நாள். காலை எட்டரை மணி, பளிச்சென்று வெயில். கூரையைத் திறந்துவிட்டேன். சேர்ந்து போவதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? பட்டு ஜிப்பாவில் சிக்கு மாப்பிள்ளை மாதிரி வந்து, இடுப்பை உள்ளே போட்டு, காலை மடித்து, ஒருவழியாக உட்கார்ந்தார். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார்.

பாலம் ஏறும் வரை ஒன்பது தடவை டொம். எண்ணினேன். பல்லைக் கடித்துக்கொண்டேன். இடது ஓரமாக, அறுபதில், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போவதுபோல ஓட்டினேன்.

பாலத்தின் நடுவில், அவர் நெற்றியில் ஒரு சொட்டு.

பினாங்கு மழைதான் உங்களுக்குத் தெரியுமே. சொல்லிவிட்டா வருகிறது?

“கூரைய மூடு” என்றார்.

“ஓடும்போது மூடாதுங்க. நிக்கணும்.”

“பாலத்துல நிக்கக் கூடாது.” ஜிப்பாவே போனாலும் விதி விதிதான் அவருக்கு.

மழை கொட்ட ஆரம்பித்தது. என் பட்டு, அவர் பட்டு, என் தலைப்பூ. முன்னால் ஒரு லாரி வேறு, தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு. அதைத் தாண்டுவதற்காகக் கொஞ்சம் வேகம் எடுத்தேன். மழை நின்றது.

நிற்கவில்லை. சுற்றிலும் பெய்துகொண்டுதான் இருந்தது. எங்கள் மேல் மட்டும் விழவில்லை. முன் கண்ணாடியில் பட்ட காற்று எல்லாத் தண்ணீரையும் தலைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனது. லாரியைத் தாண்டினேன். பக்கத்தில் இருப்பவரை நினைத்து மறுபடியும் வேகத்தைக் குறைத்தேன். தபதபவென்று மடியில் கொட்டியது.

“கொறைக்காத.”

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். “என்னங்க?”

“கொறைக்காதேங்கறேன். வேகமாப் போனா தண்ணி மேல போவுது. மெதுவானா நம்ம மேல விழுவுது. அமுக்கு.”

“எவ்வளவு?”

“போர்டுல போட்டிருக்கற வரைக்கும். அதுக்கு மேல ஒரு பாயிண்ட் வேணாம். அமுக்கு சுமதி, அமுக்கு.”

அமுக்கினேன். அந்தக் கார் என்னோடு பழகிய நாளிலிருந்து இதற்குத்தான் காத்திருந்ததோ என்னவோ, கனைத்துக்கொண்டு பாய்ந்தது. கடல் இரண்டு பக்கமும், மழை எல்லாப் பக்கமும், நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் காய்ந்துபோய்… சிக்கு சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை.

ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். அவர் கால் தரையை மிதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பிரேக் இருக்கும் இடத்தில் இல்லை. அதற்குக் கொஞ்சம் வலது பக்கம், ஆக்சிலேட்டர் இருக்கும் இடத்தில்.

கரை ஏறியதும் மழை இல்லை. மண்டபத்து வாசலில் பரமேஸ்வரி அண்ணி ஓடிவந்தார். எங்கள் இருவருக்கும் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. என் பூவில் காம்புதான் மிச்சம். சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேரும் ஒரே காடியிலயா வந்தீங்க?” என்று கண் கலங்கினார்.

“ஆமாக்கா” என்றார் சிக்கு. “நல்லா ஓட்டுறா.”

முப்பது வருடத்தில் அவர் வாயால் நான் வாங்கிய முதல் சர்டிபிகேட். மாப்பிள்ளைக்கு முன்னால் நான் அழுதுவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் ஒரே காரில் முன்னும் பின்னுமாகப் போனோம். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே ஒரு நாள் இரண்டு காரில் போனதற்குக் குடும்பமே கூடி அழுதது. ஊர் கார்களைத்தான் எண்ணுகிறது. சீட்டை யாரும் எண்ணுவதில்லை. அதை நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பந்தி முடிந்து வெளியே வந்தால், சிக்கு எனக்கு முன்னாலேயே காரிடம் போய், வலது பக்கக் கதவோரம் நின்று கையை நீட்டுகிறார்.

“சாவி குடு. திரும்பிப் போறப்ப நான் கொஞ்சம்…”

கொடுக்கவில்லை. முன் சீட்டுக்கு வரவே மனிதருக்கு முப்பது வருடம் ஆனது, ஸ்டியரிங்குக்கு மட்டும் அவசரப்பட்டால் எப்படி?