அப்பா குளத்து மீன் சாப்பிட்ட நாள்

மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து மீன் தின்னாத பிள்ளை என்று எங்கள் கரையில் எனக்குப் பெயர். முல்லைத்தீவுக் கடலில் அப்பாவின் வலையில் ஏறாத மீன் இல்லை. என் வாயில் ஏறிய மீனும் இல்லை. இதை இன்றைக்கும் வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன். எனக்கு மூக்குக் கூர்மை. மற்றவர்களுக்குக் கமகமக்கிற குழம்பில் எனக்கு மட்டும் ஏதோ ஒன்று எட்டத்திலேயே மணந்துவிடும். முள்ளை எடுத்து ஓரமாக வைப்பேன், பிறகு மீனையும் எடுத்து ஓரமாக வைப்பேன், கடைசியில் வெறும் சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பேன்.

அம்மா செய்யாத வித்தை இல்லை. காகத்தைக் காட்டினார். கதை சொன்னார். கோயில் சுவாமியிடம் சொல்லிக்கொடுப்பேன் என்று வெருட்டினார். அப்பாவுக்கோ இது சொந்த அவமானம். விடியப் பிடித்துவந்த பாரை மீனை மகள் தள்ளி வைத்தால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். “கடலுக்கே குறை சொல்லுறாள், பாரன்” என்று அம்மாவிடம் முறையிடுவார்.

எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது சண்டை கரைக்கு வந்தது. படகை மணலில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு, சட்டி பானையோடு உள்ளே நடந்து, துணுக்காய்ப் பக்கம் ஒரு குளத்தருகே கொட்டில் போட்டோம். அப்பா அயலில் வயல் வேலைக்குப் போனார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கடல் மீன் சைக்கிள் பெட்டியில் அந்த ஊருக்கு வந்து சேர்வதற்குள் கண் குழிந்து வயிறு ஊதிவிடும். மலிவாகவும் துடிக்கத் துடிக்கவும் கிடைத்தது குளத்து மீன்தான்.

கடற்கரையில் நாங்கள் மீனை அதிகம் கழுவமாட்டோம். கடல் தண்ணீரில் ஓர் அலசு, பிறகு வெட்டி நேரே சட்டிக்குள். கழுவிக் கழுவிச் சுவையை நிலத்தில் ஊற்றுகிறவளைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். அம்மா குளத்து மீனுக்கும் அதே மரியாதையைக் கொடுத்தார். கொட்டில் முழுக்கச் சேறு மணத்தது. நான் மூக்கைப் பொத்தினேன், அது வழக்கம்தான். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்துபோய் வெளியே துப்பியதுதான் புதினம்.

அன்றிலிருந்து அவர் அதைத் தொடவில்லை. நிவாரணப் பருப்பும் சோறும், பருப்பு வராத கிழமைகளில் சம்பலும் சோறும். அம்மாவுக்கு இப்போது சாப்பாட்டில் அடம்பிடிக்கிற பிள்ளைகள் இரண்டு. பெரிய பிள்ளைக்குக் காகம் காட்ட முடியாது, சுவாமியிடம் சொல்லிக்கொடுக்கவும் முடியாது. அப்பாவின் கன்னம் ஒட்டியது. இடுப்புச் சாரத்தை இறுக்கி இறுக்கிக் கட்டினார். ஒருநாள் வரம்பில் தலைசுற்றி விழுந்து, கூட வேலை செய்தவர்கள் தாங்கிக்கொண்டு வந்து விட்டபோது அம்மா உண்மையாகவே பயந்துபோனார்.

அடுத்த நாள் மீனும் கையுமாக வந்த அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“குறை சொல்லத் தெரியுதெல்லோ, வா. எங்கை மணக்குதெண்டு கண்டுபிடி.”

என் மூக்குக்கு முதன்முதலாக ஒரு மரியாதை கிடைத்தது. நான் பலகையை இழுத்துப்போட்டு அதிகாரத்தோடு இருந்தேன்.

பக்கத்துக் கொட்டிலில் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “சாம்பல் போட்டு நல்லா தேச்சுக் கழுவுங்க, சேத்து வாடை போயிரும்” என்றார். மீன் கழுவ எங்களுக்கு ஒருவர் சொல்லித்தருவதா என்று அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளினார். தேய்த்தோம். நான் மணந்து பார்த்தேன். வெளியே குறைந்திருந்தது, உள்ளே அப்படியே இருந்தது. வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. குளத்துச் சேறு முழுக்க அதில்தான் இருந்தது.

“அம்மா, இதுதான் மணக்குது!”

அம்மாவும் மணந்தார். தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்றை என் கையில் தந்தார். நான் சுரண்டினேன். பழப்புளி கரைத்த தண்ணீரில் ஊறவைத்தோம். மிளகாய்த்தூள், வெந்தயம், கொஞ்சம் தேங்காய்ப்பால். உப்புப் பார்க்கிற வேலையும் எனக்குத்தான். உப்புப் பார்க்கத் தொடங்கியவள் ஒரு துண்டையே தின்றுவிட்டேன். அம்மா அதைக் கண்டும் காணாததுபோல அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். பிறகு சோறு கேட்டேன், இன்னொரு துண்டும் கேட்டேன். நானே சுரண்டிய மீனுக்கு நானே குறை சொல்வதா? அம்மாவின் கவலையில் பாதி அன்றைக்கே தீர்ந்தது.

மற்றப் பாதி மத்தியானம் வயலால் வந்து சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தது.

“சேறு மணக்காது அப்பா. நான்தான் சுரண்டினனான்” என்றேன்.

அவர் குனிந்து மணந்து பார்த்தார். “ஓம் பிள்ளை, மணக்கேல்லை” என்றார். சொல்லிவிட்டு மீனை எடுத்து என் கோப்பையில் வைத்தார்.

எனக்கு வந்த கோபம்! மணக்கவில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டும் சாப்பிடாத ஆளை என்ன செய்வது? நான்கூட ஒரு நியாயத்தோடுதான் மீனைத் தள்ளிவைத்தவள். விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். புளியைக் கூட்டினேன். மிளகு இடித்துப் போட்டேன். ஒருநாள் பாலைக் குறைத்துத் தண்ணிக் குழம்பாக வைத்தேன். ஒவ்வொரு நாளும் அவர் எதிரே குந்தியிருந்து, ஒரு வாய் அப்பா, ஒரேயொரு வாய் என்று கெஞ்சினேன். “கரைக்குப் போனவுடனை நல்ல பாரையாப் பிடிச்சுத் தாறன். இப்ப நீ சாப்பிடு” என்பார். சாரம் இன்னும் இறுகியது. ராத்தல் ராத்தலாக அப்பா குறைந்துகொண்டிருப்பதை நானே கண்ணால் பார்த்தேன், என் கறிக்கு அவரை மறிக்கத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் சித்தப்பா சைக்கிளில் வந்தார். அவர் கரைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டு பேரும் மரத்தடியில் இருந்து கதைத்தது குசினிக்குள் எனக்கும் கேட்டது. கரையிலிருந்த மீன் வாடிகள் எரிந்துபோயின, படகும் போய்விட்டது, இனி அந்தப் பக்கம் யாரும் கிட்டப் போகமுடியாது என்றார் சித்தப்பா. எனக்கு அது பெரிய ஆட்களின் கதை. என் முழுக் கவனமும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கறியில் இருந்தது.

சித்தப்பா போனபிறகு அப்பா கைகழுவிவிட்டு வந்து இருந்தார். அம்மா சோற்றைப் போட்டுப் பருப்புச் சட்டியை எடுத்தார்.

“அது வேண்டாம். பிள்ளை வைச்ச கறியைப் போடு.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவர் அவசரமில்லாமல் சாப்பிட்டார். தலையையும் உடைத்து உறிஞ்சினார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “உப்புக் கொஞ்சம் காணாது” என்றார், பழைய அப்பாவைப் போல. அம்மா அகப்பையும் கையுமாக அப்படியே நின்றார். இவ்வளவு பெரிய வெற்றிக்கு ஒரு சிரிப்பாவது சிரிக்கக்கூடாதா என்று எனக்கு அம்மாவில் மனத்தாங்கல்.

அடுத்த நாள் விடிய அப்பா இரவல் வலை ஒன்றை வாங்கிக்கொண்டு குளத்துக்குப் போனார். என் கறியின் ருசி அவரை இழுத்துக்கொண்டு போகிறது என்று வேலி வேலியாகச் சொல்லித் திரிந்தேன். வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை.

குளத்து மீனைச் சாப்பிட்டால் இனிக் கடல் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றுதான் அப்பா அத்தனை நாளும் அரைவயிற்றோடு கிடந்தார். சித்தப்பா வந்த அன்று மத்தியானம் என் எதிரே இருந்து அவர் கடலைக் கைவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியவில்லை. சட்டியிலிருந்து இன்னொரு மீனை எடுத்து அவருடைய கோப்பையில் வைத்தேன். அதையும் சாப்பிட்டார்.