டோக்கன் நம்பர் மட்டும் போதும்

சுபாஷைப் போல ஒரு பைத்தியக்காரனை ஓசூரை ஒட்டிய எங்கள் மத்திகிரியில் நான் பார்த்ததில்லை. என் பிரவுசிங் சென்டரில் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்து, வார லீவையெல்லாம் கரைத்து, ‘நம்ம ஷிப்ட்’ என்று ஒரு வெப்சைட் கட்டினான். ஊர் விருதுநகர் பக்கம். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். ஆர்குட்டில் எல்லாரும் போட்டோ போட்டுக்கொண்டிருந்த 2008-ல் இவன் ரூம் தேடுகிறவர்களைச் சேர்த்தான். இங்கே முதல் ஷிப்ட்காரன் எழுந்து போன பாயில் மூன்றாம் ஷிப்ட்காரன் வந்து படுப்பான். ஷிப்ட் பொருந்தாத ஆளோடு ரூம் எடுத்தால் தூக்கம் போச்சு.

கண்டவனும் உள்ளே வரக் கூடாதென்று, சேருகிறவர்கள் கம்பெனி டோக்கன் நம்பரைக் கொடுக்க வேண்டும் என்று வைத்தான். எங்கள் பக்கம் ஃபாக்டரி கேட்டில் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளைத் தெரியாது, டோக்கன் நம்பரைச் சொன்னால்தான் தெரியும். அதனால் அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. எனக்கும்தான். நாலாயிரம் பேர் சேர்ந்தார்கள். ஓவர்டைமில் பிடிக்கும் காசு, கேன்டீன் சாம்பார், சூப்பர்வைசரின் வாய் என்று எல்லாவற்றையும் புனைபெயரில் எழுதித் தீர்த்தார்கள். எந்தப் பெயருக்கு எந்த டோக்கன் என்பது சுபாஷுக்கு மட்டும்தான் தெரியும்.

காசுதான் வரவில்லை. மூன்று மாத விளம்பரத்தில் ஒரு டீயும் பன்னும் வாங்கலாம். மாதம் பத்து ரூபாய் கேட்டுப் பார்த்தான். பதினோரு பேர் கொடுத்தார்கள், அதில் நான் ஒருவன்.

“ஆளு சேர்ந்தா காசு தன்னால வரும் திம்மராயண்ணே,” என்பான்.

எங்கிருந்து வரும்? உலகம் பூரா ஆள் சேர்த்த பெரிய சைட்டுகளுக்கே காசு எந்த வழியில் வருமென்று பேப்பரில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

சர்வர் வாடகை கட்டக் கடைசி நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணி. கட்டாவிட்டால் சைட் நின்றுவிடும். அன்று வெங்கடப்பன் என்ற, கம்பெனிகளுக்குக் கான்ட்ராக்ட் ஆள் அனுப்பும் மேன்பவர் ஏஜென்சிக்காரரைக் கூட்டி வந்தது நான்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உறுப்பினர் பட்டியலைக் கொடுத்தால் இரண்டு வருட வாடகையை அங்கேயே கட்டுவதாகச் சொன்னார். புது வேலை வந்தால் ஆட்களுக்குச் சொல்லத்தானாம். சுபாஷ் நெடுநேரம் யோசித்தான். கடைசியில் தலையாட்டிவிட்டு, பட்டியலை ஏற்ற ஒரு சிடியை மெஷினில் போட்டான்.

“போன் நம்பர் எல்லாம் இருக்கு சார். டோக்கன் நம்பரை மட்டும் அதுலேர்ந்து நீக்கிட்டேன்.”

“போன் நம்பர் வேணாம்ப்பா,” என்றார் வெங்கடப்பன். “யார் எந்தப் பேர்ல எழுதறாங்க, அவங்க டோக்கன் நம்பர் என்ன. அது மட்டும் போதும்.”

வேலை சொல்ல வந்த ஆளுக்குப் போன் நம்பர் வேண்டாமாம்! ஆர்டர் இல்லையென்று கம்பெனிகள் கான்ட்ராக்ட் ஆட்களைக் கழித்துக்கொண்டிருந்த மாதம் அது. சைட்டில் வாயாடுகிறவனை முதலில் கழிக்க அவர்களுக்கு ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. சுபாஷுக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தே கால். வெங்கடப்பன் கிரெடிட் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சுபாஷ் கீபோர்டை இழுத்தான். முதலில் பட்டியலை அழித்தான். பிறகு சைட்டையே அழித்தான்.

வெங்கடப்பன் கோபப்படவில்லை. “உன் டோக்கன் நம்பரையாவது சொல்லு,” என்றார்.

“எழுதிக்கங்க சார். ஏழு நாலு ஒண்ணு ரெண்டு.”

செவ்வாய்க்கிழமை கேட்டில் அவனை நிறுத்திவிட்டார்கள். சைட்டில் இருந்தவர்களில் அவனை மட்டும். புதன்கிழமை ஊருக்கு பஸ் ஏறினான்.

ஷிப்ட் முடிந்து என் கடைக்கு வருகிறவர்கள் சைட் ஏன் திறக்கவில்லை என்று இன்னும் கேட்கிறார்கள். “பத்து ரூவா யாரும் குடுக்கலன்னு மூடிட்டு ஓடிட்டான்ணா அந்த ஆளு,” என்று நேற்று ஒருவன் சொன்னான். அவன் டோக்கன் நம்பரும் அந்தப் பட்டியலில் இருந்ததுதான். நான் வாயைத் திறந்தால், ஏஜென்சிக்காரரைக் கூட்டி வந்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது மெஷினைக் காட்டி, அங்கே உட்காரச் சொன்னேன்.