ராஜாவின் நரை

பேரனின் பள்ளிக் காலணிக்காக இன்று காலை கறுப்புப் பாலிஷ் டப்பாவைத் திறந்ததும் எழுந்த மணம், அறுபதுகளில் செஞ்சிக் கடைத்தெருவிலிருந்த எங்கள் ஜவுளிக்கடையின் பின்கட்டுக்கு என்னை இட்டுச் சென்றது. கோட்டையில் படப்பிடிப்பு நடந்த ஒரு வாரம், தீயிலிருந்து குழந்தைகளை மீட்டும் வில்லன்களைத் துரத்தியும் பல படங்களில் புகழ்பெற்றிருந்த ராஜா என்னும் நாய் அங்கேதான் தங்கியிருந்தது. விடியற்காலைதோறும் அது சவரத்துக்கு அமர்ந்தவரைப்போல் முகத்தை நீட்டிக்கொடுக்க, நரைத்த முகவாயில் பயிற்சியாளர் சின்னசாமி பாலிஷ் தடவுவதை நான் பார்த்துவிட்டேன்.

"யாராண்டயும் சொல்லிடாத பாப்பா. கெழம்னு தெரிஞ்சா வேற நாய இட்டாந்துடுவாங்க. எங்க ரெண்டு பேருக்கும் சோறு போயிடும்."

பொய்க்கு இடம்தராத குடும்பத்தில் பிறந்த நான், அந்த வாரம் முழுவதும் நைனாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கோட்டை மலையான ராஜகிரியின்மேல் மேகம் கூடும்போதெல்லாம், மழை வந்து பாலிஷைக் கரைத்துவிடக் கூடாதென்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி நாள், கதாநாயகர் ராஜாவைக் கட்டியணைக்கும் காட்சியில் மழை கொட்டியது. கறுப்பு கரைந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் வழிந்தது. வேடிக்கை பார்க்கவந்து மிக அருகில் நின்றிருந்த நான், தள்ளிக் கேமராவருகே இருந்த இயக்குநரைத் திரும்பிப் பார்த்தேன். சின்னசாமி கைகூப்பினார்.

கதாநாயகர் சட்டையைப் பார்த்தார், பிறகு தம் கிருதாவைத் தொட்டார், விரலும் கறுத்தது. இயக்குநர் குடையோடு வருவதற்குள் நாயின் முகத்தை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்:

"இன்னாய்யா முழிக்கிற? டப்பா வச்சிருக்கியா? மொதல்ல எனக்குப் பூசு."